கோஷாவிலிருந்து அபாயா வரை: பாலாற்றங்கரைப் பெண்களின் மேலுடை

ஷஅபான் பாதி கடந்துவிட்டால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் துணிக்கடைகளில் அபாயாக்கள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. தையற்காரர்கள் புதிதாக அளவு எடுக்கத் தயங்கும் நாள்களும் அவைதாம். இஃப்தார் விருந்து, தராவீஹ் தொழுகைக்காகப் பெண்கள் கூடும் இல்லங்கள், குர்ஆன் ஓதி முடிக்கும் இரவு, பெருநாள் சந்திப்பு என மாதம் முழுவதும் நம் பெண்கள் வெளியே சென்றுவர வேண்டியிருக்கிறது. ஆகவே எந்த அபாயாவை வாங்குவது, எந்தத் துணி உடலுக்கு இதமாக இருக்கும், எது கண்ணியமும் அழகும் ஒருங்கே கொண்டிருக்கும் என்னும் பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது.

இந்தப் பேச்சு நம் பகுதிக்கு மிகவும் புதிது. இரண்டு தலைமுறைக்கு முன்னர் உருது பேசிய தாதியிடம் சென்று அபாயா வேண்டுமா என்று கேட்டிருந்தால் அவர் விழித்திருப்பார். தமிழ் பேசிய நன்னியின் காதில் அது அபாயம் என்றே விழுந்திருக்கும். அவர்கள் பேணுதல் இல்லாமல் வாழ்ந்தவர்கள் அல்லர். மறைப்புக்கு அவர்களிடம் வேறு பெயர்களும் வேறு வடிவங்களும் இருந்தன. அந்த வடிவங்கள் எப்போது, எதனால் மாறின என்று பார்த்தால், இன்று அபாயா வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெளிவாகும் என்று நாங்கள் கருதுகிறோம்.

கோஷா

நம் பகுதியின் பழைய சொல் கோஷா. பாரசீகத்தில் அதற்கு மூலை என்று பொருள். மூலையில் ஒதுங்கியிருத்தல் என்னும் கருத்திலிருந்து, அந்நிய ஆண்களின் பார்வைக்கு அப்பால் பெண்கள் வாழ்வதைச் சுட்டும் சொல்லாகச் சென்னை மாகாணத்தில் அது வழங்கியது. உடைக்கு முன்னதாக அது வீட்டின் அமைப்பையே குறித்தது: ஆண்கள் அமரும் முன்கட்டு, பெண்கள் புழங்கும் பின்கட்டு, இரண்டுக்கும் இடையில் ஒரு திரை.

அதன் உச்ச வடிவத்தை வேலூர்க் கோட்டை கண்டிருக்கிறது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் உயிர்நீத்தார். அதன் பின்னர் அவருடைய குடும்பத்தாரை ஆங்கிலேயர் வேலூருக்குக் கொண்டுவந்தனர். அந்தப்புரத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பெண்கள் கோட்டைக்குள் இருந்த மஹால்களில் குடியமர்த்தப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு திப்புவின் ஆண்மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெண்களில் மிகப் பலர் வேலூரிலேயே தங்கி வேலூரிலேயே மறைந்தார்கள். சுவருக்குள் ஒடுங்கிய அந்த வாழ்வில் கோஷா எது, சிறை எது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அரண்மனைப் பெண்களை அளவுகோலாகக் கொள்ளக் கூடாதுதான். சுவர் எழுப்ப வசதியுள்ள குடும்பங்களே கோஷாவை முழுமையாகக் கடைப்பிடிக்க முடிந்தது. கூலி வேலைக்குச் சென்ற ஏழைப் பெண்கள் சேலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது. வீட்டுக்குள்ளேயே இருக்க முடிவது அக்காலத்தில் செல்வத்தின் அடையாளமாகவும் இருந்தது.

ஆனால் செல்வத்தால் வாங்க முடியாதவையும் இருந்தன. அவற்றுள் மருத்துவம் முதன்மையானது. சென்னையில் மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால் 1885இல் கோஷாப் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னர் அதற்குக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயரிட்டார்கள். ஆயினும் திருவல்லிக்கேணியில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கு உடனே விளங்குகிறது.

நம் பகுதியின் கதை இன்னும் கசப்பானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் தங்கள் பெண்களின் பேறுகாலத்துக்கு உதவி வேண்டி வந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் ஓர் ஆணைப் பிரசவ அறைக்குள் விட மூவரும் இசையவில்லை. ஐடாவோ அப்போது மருத்துவம் அறியாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அம்மூவரில் ஒருவர் முஸ்லிம் வீட்டுப் பெண். கட்டாயத் தேவையின்போது பெண் மருத்துவர் கிடைக்காவிட்டால் ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு மார்க்கம் இடம் தருகிறது என்பதை அந்த வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல அன்றிரவு யாரும் இல்லாமற் போனார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்கச் செய்தது. 1900இல் அவர் வேலூருக்கு வந்தார். 1902இல் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். நம் முந்தைய தலைமுறைப் பெண்கள் பலர் முதன்முதலாகத் தெருவைக் கடந்து சென்ற இடம் ஒரு மருத்துவமனையாகவே இருந்திருக்கும் என்று எண்ணுகிறோம்.

வண்டித் திரையிலிருந்து புர்காவுக்கு

வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தால் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் திரை கட்டிய மாட்டுவண்டியிலோ ஜட்கா வண்டியிலோ சென்றார்கள். வாசற்படி வரை வண்டி வரும். இருபுறமும் போர்வையைப் பிடித்துக்கொள்ள, நடுவில் பெண்கள் ஏறுவார்கள். அதாவது வீட்டின் சுவர் சக்கரத்தில் ஏறி உடன்வந்தது.

இந்த ஏற்பாட்டை ரயில் குலைத்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பின்னர் தண்டவாளம் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டை வரை நீண்டது. பாலாற்றங்கரையின் தோல் வணிகத்துக்கு அந்தப் பாதை உயிர்நாடியாயிற்று. ஆவாரம் பட்டையில் ஊறவைத்து அரைப் பதமாக்கிய தோல்கள் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குச் சென்றன; அங்கிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பலேறின. வணிகர்கள் ஊருக்கும் சென்னைக்கும் இடையே ஓயாமல் பயணம் செய்தார்கள். சென்னையில் ஒரு வீடு, ஊரில் ஒரு வீடு என்று குடும்பங்களும் நகர்ந்தன. ரயிலில் பெண்களுக்குத் தனிப்பெட்டி உண்டு. ஆனால் வண்டியிலிருந்து இறங்கிப் பெட்டியில் ஏறும்வரை இடையே ஒரு நடைமேடை இருக்கிறது. அங்கே சுவரும் இல்லை, திரையும் இல்லை. அந்த நடைமேடைக்குத் தேவைப்பட்டது உடலோடு கூடவே நடந்துவரும் ஒரு திரை.

பாலாற்றங்கரையில் அத்தேவையைப் புர்கா நிறைவு செய்தது. ஆற்காட்டு நவாபுகளின் காலத்திலிருந்து உருதுவின் செல்வாக்கு வளர்ந்த பகுதி இது. தமிழ் மரபில் வந்த தோல் வணிகக் குடும்பங்கள்கூட ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருதுவை வீட்டுமொழியாக்கிக்கொண்டன. மொழியோடு ஹைதராபாத், லக்னோ போன்ற நகரங்களின் உடைப்பழக்கமும் வந்தது. தலையிலிருந்து கால்வரை ஒரே கூடாரமாகத் தொங்கிய பழைய புர்காவை அடுத்து, இருபதாம் நூற்றாண்டில் இரண்டு துண்டுப் புர்கா பரவியது. கீழே நீண்ட கோட்டு, மேலே தலையையும் தோளையும் மூடிக் கழுத்தடியில் முடிச்சிடும் துண்டு, அதன் முன்புறம் மேலே தூக்கிவிடக்கூடிய நகாப். கோட்டுக்குக் கைகள் இருந்ததால் பெண் ஒருத்தி பையைப் பிடிக்கலாம், குழந்தையைத் தூக்கலாம், பயணச்சீட்டைத் தானே எடுத்துக் கொடுக்கலாம். பழைய கூடாரப் புர்காவில் இவை எளிதாக இருக்கவில்லை.

பாகிஸ்தானில் ஆய்வு செய்த ஹன்னா பாபனெக் என்ற அறிஞர் 1970களில் புர்காவைப் பற்றி எழுதியபோது, பெண் தன்னுடனே எடுத்துச் செல்லும் ஒதுக்கிடம் என்னும் பொருளில் அதை விளக்கினார். வெளியார் பலர் அதைப் பெண்ணை அடைக்கும் உடையாக மட்டும் பார்த்த காலத்தில், வெளியே செல்வதற்கான கருவியாகவும் அவர் அதைக் கண்டார். நம் ஊர்களின் அனுபவமும் அதற்கு நெருக்கமானதே. புர்கா வந்த பிறகே கோஷா வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து போகலானாள்.

வெள்ளைத் துப்பட்டி

இதே நோக்கத்துக்குத் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் வேறு வழி கண்டன. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடலோர ஊர்களிலும் காவிரிப் படுகையிலும் நம் பெண்கள் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தினார்கள். இரண்டு அகலத் துணியை இணைத்தது என்பதே துப்பட்டி என்னும் சொல்லின் வேர்ப்பொருள். பருத்தித் துணி, தையல் வேலைப்பாடு ஏதுமில்லை, பொத்தான் இல்லை. தலையிலிருந்து கணுக்கால்வரை சுற்றி, ஒரு கையால் உள்ளிருந்தே பிடித்துக்கொள்வார்கள். திருமண உறவு வழியாகவும் வணிகத்தின் வழியாகவும் வடாற்காட்டுக்கு வந்த தெற்கத்திக் குடும்பங்களின் மூதாட்டிகளிடம் இதைக் காணலாம்.

துப்பட்டிக்குக் குறையும் உண்டு, நிறையும் உண்டு. ஒரு கை எப்போதும் அதைப் பிடித்தபடியே இருக்க வேண்டும் என்பதால் வேலைக்குச் செல்பவருக்கு அது ஒத்துவராது. ஆனால் வெயிலுக்கு அது மிக ஏற்றது. வியர்வையை உறிஞ்சும், காற்றை விடும், கொதிநீரில் போட்டுத் துவைக்கலாம். இன்னொரு சிறப்பும் அதற்கு இருந்தது. எல்லார் துப்பட்டியும் வெள்ளையாகவே இருந்ததால், கூட்டத்தில் மரைக்காயர் வீட்டுப் பெண்ணையும் மீனவர் வீட்டுப் பெண்ணையும் உடையை வைத்துப் பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை.

அந்த மூதாட்டிகளைப் பார்த்து, நீங்கள் சரியான பர்தா அணியவில்லை என்று பேத்திகள் திருத்த முற்படும் காட்சி இப்போது அரிதன்று. எங்களுக்கு இது வருத்தம் தருகிறது. தலைமுறை தலைமுறையாகக் கண்ணியம் காத்த ஓர் உடையை, புதியதொன்று வந்துவிட்டது என்பதற்காக மார்க்கக் குறைவாகக் கருதுவது வரலாறு அறியாமையினால் வருவது.

1973

அபாயா நம் பகுதிக்கு வந்ததற்கு எங்கள் கணிப்பில் 1973ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டில் இரண்டு கதவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் திறந்தன.

முதற்கதவு அரபு நாடுகளில் திறந்தது. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியின் பயனாகச் சில மாதங்களிலேயே எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. வளைகுடா நாடுகளில் கட்டுமானம் பெருகியது. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் சென்றார்கள். விடுமுறைக்குத் திரும்பியவர்களின் பெட்டிகளில் கோடாரித் தைலத்துக்கும் டேங்க் பொடிக்கும் நடுவே மடித்துவைத்த கறுப்பு அபாயாவும் வந்தது. தொடக்கத்தில் அது பரிசுப்பொருள். வெளிநாட்டு வாசனை கொண்ட அரும்பொருள். பிறகு உள்ளூர்த் தையற்காரர்கள் அதைப் பிரித்துப் பார்த்து வெட்டக் கற்றுக்கொண்டார்கள்.

அரபு நாடுகளிலும் அபாயா ஒரே வடிவில் நிலைத்திருக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். முன்பு அது தலையில் இட்டு உடல் முழுவதும் தொங்கவிடும் போர்வை, அதாவது நம் துப்பட்டியின் கறுப்பு உடன்பிறப்பு. தோளிலிருந்து இறங்கும், கைகள் வைத்துத் தைத்த அபாயா அங்கேயும் அண்மைக் காலத்தில் பரவியதே. நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்தப் பிந்தைய வடிவம்.

இரண்டாம் கதவு நம் ஊரிலேயே திறந்தது. அரைப் பதத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதாக முடித்த தோலையும் தோற்பொருள்களையும் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. 1973 முதல் அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு விதித்தது. தோல் மண்டிகளுக்கு அது பேரிடியாகத் தெரிந்தது. ஆனால் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ஆம்பூரும் இராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் காலணித் தொழிலின் ஊர்களாயின. டேனரியில் ஈரத்தோலைச் சுமப்பதும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவதும் பெரும்பாலும் ஆண்களின் வேலை. காலணியின் மேற்பகுதியைத் தைப்பதோ கை நுணுக்கம் வேண்டும் வேலை. அதற்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். காலையில் கம்பெனிப் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களின் கூட்டம் அப்படி உருவானதே. அதே காலத்தில் மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் முஸ்லிம் கல்விச் சங்கங்கள் பெண்களுக்கென்றே கல்லூரிகளை எழுப்பின.

வளைகுடாவிலிருந்து உடை வந்தது. கம்பெனிப் பஸ்ஸிலும் கல்லூரி வாசலிலும் அதற்குரிய தேவை காத்திருந்தது. இரண்டு கையும் விடுதலையாக இருக்கும், பஸ் படியில் ஏறத் தடுக்காத, ஒரே நிமிடத்தில் அணியக்கூடிய, உள்ளே என்ன உடை இருந்தாலும் மறைக்கும் ஒரு மேலங்கி. புர்காவின் கோட்டைவிட அது எளிது, துப்பட்டியைவிட உறுதி. அரபுப் பணம் மட்டும் வந்து, நம் பெண்கள் வீட்டிலேயே இருந்திருந்தால், அபாயா பீரோவிலேயே கிடந்திருக்கும்.

மார்க்கம் கேட்பது எது

மாறிவந்த இத்தனை வடிவங்களுக்கும் அடியில் மாறாத ஒன்று இருக்கிறது. சூரத்துல் அஹ்ஸாபின் 59ஆம் வசனம் நம்பிக்கை கொண்ட பெண்கள் தம் ஜில்பாபைத் தம்மீது தாழ்த்திக்கொள்ளுமாறு சொல்கிறது. சூரத்துந் நூரின் 31ஆம் வசனம் முக்காட்டுத் துணியை மார்பின்மீது போட்டுக்கொள்ளச் சொல்கிறது. ஜில்பாப் என்பது ஆடைக்கு மேல் போர்த்தும் விரிந்த துணி. அதன் நிறத்தை வசனம் குறிப்பிடவில்லை. தையல் முறையையும் குறிப்பிடவில்லை. இவ்வசனம் இறங்கியதும் அன்ஸாரிப் பெண்கள் வெளிவந்த தோற்றம் தலைமேல் காகங்கள் அமர்ந்தாற்போல் இருந்ததாக உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் உள்ளது. கறுப்புக்கு அது பழமையான சான்று. கறுப்பு மட்டுமே என்பதற்குச் சான்றாக அதைக் கொள்ள இயலாது.

ரமளான் கூடுகைகளைப் பற்றிப் பேசும் நமக்கு மிகவும் நெருக்கமான செய்தியை உம்மு அத்திய்யா (ரலி) அறிவிக்கிறார். இரு பெருநாள்களிலும் பெண்கள் எல்லாரும் தொழுகைத் திடலுக்கு வர வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். திரைக்குள் வாழும் இளம்பெண்களும் வர வேண்டும். மாதவிடாய்ப் பெண்களும் வந்து, தொழுமிடத்திலிருந்து ஒதுங்கி நின்று, நன்மையிலும் பிரார்த்தனையிலும் கலந்துகொள்ள வேண்டும். ஒருத்தியிடம் ஜில்பாப் இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்கப்பட்டது. அவளுடைய தோழி தன் ஜில்பாபிலிருந்து அவளுக்கும் அணியக் கொடுக்கட்டும் என்பது நபியவர்களின் விடை. புகாரியிலும் முஸ்லிமிலும் இது இடம்பெற்றுள்ளது. உடை இல்லாதவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவளையும் கூட்டத்துக்கு அழைத்துவருவதற்காகவே உடை பகிரப்பட்டது.

எதை வாங்குவது

இனி கடைக்கு வருவோம். நம் பகுதியில் முதற்கேள்வி வெயில். 2019இல் நோன்பு மே 7ஆம் நாள் தொடங்கியதால் கத்திரி வெயிலின் பெரும்பகுதி ரமளானுக்குள் அடங்கியது. ஏறத்தாழ 14 மணி நேரம் தண்ணீரின்றி, பாலாறு வற்றிக்கிடக்க, பாறைக்குன்றுகள் கொதிக்க, பெண்கள் அபாயாவுடன் கம்பெனிக்கும் பள்ளிக்கும் சென்றுவந்தார்கள். இப்போது ரமளான் குளிர்காலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக ஒரே ஆண்டில் இரு முறை நோன்பு தொடங்கும். ஆனால் அபாயா நோன்புக்கு மட்டும் அணிவதன்று. அதே உடை மே மாதத்திலும் உழைக்க வேண்டும்.

கறுப்பு வெப்பத்தை இழுக்கும் என்பதை நாம் அறிவோம். பாலைவனத்துப் பதூவியர் ஏன் கறுப்பு அணிகிறார்கள் என்பதை ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980இல் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்தது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட மிகுந்த வெப்பத்தை வாங்கினாலும், உடலைச் சென்றடைந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. அங்கி தளர்வாக இருந்ததால் துணிக்கும் உடலுக்கும் இடையே காற்று ஓடி, மிகுதியான வெப்பத்தை வெளியேற்றிவிட்டது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தளர்வு. உடலோடு ஒட்டித் தைத்த கறுப்பு அபாயா மறைப்புக்கும் உதவாது, வெயிலுக்கும் உதவாது. அக்குளிலும் முதுகிலும் காற்றோட இடம் இருக்கிறதா என்று கையை உயர்த்தி, குனிந்து, தரையில் அமர்ந்து பார்த்து வாங்குவது நல்லது. ருகூவிலும் ஸுஜூதிலும் இழுக்காத அபாயா தஸ்தர்கான் விரித்து அமரும் இஃப்தாரிலும் இழுக்காது.

துணியைப் பொறுத்தவரை நிதா என்று கடையில் சொல்வது பெரும்பாலும் மெல்லிய பாலியஸ்டர் வகை. மடிப்பு விழாது, கறுப்பு வெளுக்காது, அழகாக விழும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. அதை எடுத்தால் உள்ளே பருத்தி ஆடை கட்டாயம். கிரேப் சற்றுக் கனம். ஷிஃபானும் ஜார்ஜெட்டும் உள்துணி இல்லாமல் மறைப்பாகா; உள்துணி சேர்த்தால் வெயிலில் தாங்காது. விஸ்கோஸும் பருத்திக் கலப்பும் உடலுக்கு இதமானவை. ஆனால் கசங்கும், சில துவைப்புகளில் கறுப்பு மங்கும். கூடுகைக்கு ஒன்று நிதாவிலும், அன்றாடத்துக்கு ஒன்று விஸ்கோஸிலும் வைத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை. அடர்பழுப்பு, சாம்பல், கருநீலம் ஆகியவற்றை விரும்புவோரை நாங்கள் தடுக்க மாட்டோம்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். இஃப்தாருக்குச் சென்ற வீட்டில் உதவி செய்யும் ஆர்வத்தில் அபாயாவுடனேயே அடுப்பங்கரைக்குள் நுழைந்துவிடுகிறோம். பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வடை பொரியும் வாணலிக்கு அருகே அகன்ற கைகள் மிகவும் ஆபத்தானவை. அதைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே செல்ல வேண்டும். ஆண்கள் நடமாடும் வீடானால் கையைக் கட்டிக்கொள்ள ஒரு நாடாவாவது போதும். மற்றொன்று இருசக்கர வண்டி. தராவீஹ் முடிந்து அவசரமாக வீடு திரும்பும்போது அபாயாவின் ஓரம் பின்சக்கரத்தில் சிக்கும் விபத்துகள் உயிரையே பறிக்கின்றன. பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி கூறுகிறது. சேலை கார்டு என்று நாம் சொல்லும் அதைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டும் இளைஞர்களை வீட்டுப் பெரியவர்கள் கண்டிக்க வேண்டும். அபாயாவின் நீளம் கணுக்காலில் நிற்கட்டும். தரையைக் கூட்ட வேண்டாம்.

இறுதியாக அழகு. தொழுமிடந்தோறும் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லும் சூரத்துல் அஃராஃபின் 31ஆம் வசனம், அதே மூச்சில் வீண்விரயத்தையும் தடுக்கிறது. நல்ல உடையை விரும்புவது பெருமையாகாது என்று நபியவர்கள் விளக்கிய செய்தி முஸ்லிமில் உண்டு. பேர் வாங்குவதற்காக அணியும் உடையைக் கண்டித்த செய்தி அபூதாவூதில் உண்டு. நம் தோல் ஊர்களில் இது ஏட்டுச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. கம்பெனி உரிமையாளரின் வீட்டாரும், அதே கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்ணும் ரமளானில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரின் கைப்பட்டையில் கல் வேலைப்பாடு மின்ன, மற்றவர் மூன்றாண்டுப் பழைய வெளுத்த அபாயாவின் கையை மறைத்துக்கொண்டு நிற்பாரானால், அடுத்த முறை அவர் வராமல் இருந்துவிடக்கூடும். இப்படி வராமற் போனவர்களை நாங்கள் அறிவோம். காரணம் கேட்டால் உடம்பு சரியில்லை என்பார்கள். பெருநாளுக்கு ஏழை வீடுகளுக்குச் சேலை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. அதில் அபாயாவைச் சேர்த்து, ரமளான் பிறப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால், உம்மு அத்திய்யா (ரலி) அறிவித்ததை நம் தெருவிலேயே செயற்படுத்தியதாகும். கொடுப்பது நாம் அணிவதைப் போன்ற துணியாக இருக்க வேண்டும். கடையில் தானத்துக்கென்று தனியாக அடுக்கி வைத்திருக்கும் மலிவுச் சரக்கு வேண்டாம்.

வெள்ளைத் துப்பட்டி முற்றாக மறைந்துவிடவும் இல்லை. பெண்கள் தராவீஹுக்குக் கூடும் வீடுகள் சிலவற்றில், வந்தவர்கள் அபாயாக்களைக் கழற்றிக் கட்டில்மேல் குவித்துவிட்டு, பையிலிருந்து வெள்ளை மக்கனாவை எடுத்து அணிந்துகொள்கிறார்கள். தொழுகை முடிந்து புறப்படும்போது, ஒன்றுபோலவே இருக்கும் அந்தக் கறுப்புக் குவியலில் தன்னுடையது எது என்று தேடுவதற்கு எப்படியும் கால்மணி நேரம் ஆகிறது.